கண்டம் செய்யப்பட்டு, கண்டம் தாண்டிய நாற்காலிகள்

வீட்டில் ஒரு நாற்காலியின் கால் ஆடினால் முதலில் ஆணி அடிப்பார்கள். பிறகு கயிறு கட்டுவார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் அது பரணுக்குப் போகும், பரணில் இடமில்லை என்றால் பழைய சாமான் வாங்குபவரின் தள்ளுவண்டிக்குப் போகும். அரசு அலுவலகத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. பொருள் பயன்படாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கழித்துவிடுவார்கள். அதை 'கண்டம் செய்வது' என்பது அலுவலகப் பேச்சு. அப்படிக் கழிக்கப்பட்ட நாற்காலிகள் புது மெருகும் புது உறையும் பெற்று, பாரிஸிலும் நியூயார்க்கிலும் ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏலம் போயின. நடந்த இடம் சண்டிகர்.

ஒரு நகரம், அதற்கு வேண்டிய நாற்காலிகள்

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போனது. புதிதாக ஒரு நகரத்தையே கட்டிவிடலாம் என்று முடிவானது. முதலில் திட்டம் வரைந்தவர்கள் அமெரிக்காவின் ஆல்பர்ட் மேயரும், போலந்தில் இருந்து அங்கு குடியேறிய மேத்யூ நோவிக்கியும். 1950இல் நோவிக்கி விமான விபத்தில் இறந்தார். அதன் பிறகே லெ கொர்புசியே இந்த வேலைக்கு வந்தார். அவருடன் மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ, லெ கொர்புசியேவின் உறவுச் சகோதரர் பியர் ஜான்னரே ஆகியோரும் வந்தனர்.

பெயர் லெ கொர்புசியேவுக்கு, அன்றாடப் பாடு ஜான்னரேவுக்கு. முன்னவர் ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போனார். பின்னவரோ 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கினார். தலைமைக் கட்டடக் கலைஞராகவும் இருந்தார். உடல்நலம் கெட்ட பிறகுதான் சுவிட்சர்லாந்து திரும்பினார். 1967இல் இறந்த அவரது சாம்பல், அவர் விரும்பியபடியே சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. அந்த ஊர் மீது அவ்வளவு ஒட்டுதல்!

கட்டடங்கள் எழும்பின. செயலகம், உயர் நீதிமன்றம், சட்டமன்றம், பல்கலைக்கழகம், கல்லூரிகள், குடியிருப்புகள். உள்ளே உட்கார நாற்காலி வேண்டாமா? மேசை, அலமாரி, பெஞ்சு வேண்டாமா? ஒன்றிரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில். இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இல்லாத காலம் அது. ஆகவே ஜான்னரேவும், யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் அங்கேயே கிடைக்கும் பொருளை வைத்து வடிவங்கள் வரைந்தார்கள். உள்ளூர்ப் பட்டறைகளில் தச்சர்கள் செய்து கொடுத்தார்கள்.

நாற்காலிக்குள் என்ன இருக்கிறது?

மரம் பெரும்பாலும் தேக்கு, சில பொருள்களுக்கு வடநாட்டு ஷீஷம். தேக்கைக் கரையான் எளிதில் அரிக்காது, மழைக்கால ஈரத்திலும் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. இருக்கைக்கும் முதுகுக்கும் பிரம்புப் பின்னல். வெயில் காலத்தில் முதுகு வேர்க்காமல் காற்று ஊடுருவும். கால்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, கவிழ்த்து வைத்த 'வி' எழுத்தைப் போல, விரித்த காம்பஸ் போல நிற்கும். இந்த வடிவத்தைத்தான் உலகம் இன்று 'சண்டிகர் நாற்காலி' என்று பார்த்தவுடன் அடையாளம் காண்கிறது. நீதிமன்றம் போன்ற இடங்களுக்குத் தோலோ துணியோ போர்த்திய மெத்தை நாற்காலிகளும் செய்யப்பட்டன.

ஒரே வரைபடம் பல பட்டறைகளுக்குப் போனதால், ஒரே வகை நாற்காலி இரண்டை அருகருகே வைத்தால் கைப்பிடியின் தடிமனிலோ காலின் சரிவிலோ சிறு வேறுபாடு தெரியும். அது அந்தந்தத் தச்சரின் கை. ஆனால் தச்சரின் பெயர் எந்த நாற்காலியிலும் இல்லை. இருந்தது வேறொன்று. பின்பக்கத்தில் பெயிண்டால் எழுதிய துறையின் சுருக்கப் பெயரும் எண்ணும். இருப்புப் பதிவேட்டில் சரிபார்ப்பதற்காக யாரோ ஓர் ஊழியர் தகட்டு அச்சை வைத்துப் பூசிய எழுத்துகள். இந்த எழுத்துகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் திருப்பமே அங்கேதான் இருக்கிறது.

கணக்கில் பூஜ்யம்

கணக்கியலில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. எடுத்துக்காட்டுக்கு, 100 ரூபாய் நாற்காலி 10 ஆண்டு உழைக்கும் என்று வைத்தால், ஆண்டுக்கு 10 ரூபாய் கழிப்பார்கள். பத்தாம் ஆண்டு முடிவில் ஏட்டு மதிப்பு பூஜ்யம். நாற்காலி அப்படியே நன்றாகத்தான் நிற்கும், ஏட்டில் மட்டும் அது செத்துப்போயிருக்கும். தேய்மானம் என்பது செலவைப் பல ஆண்டுகளுக்குப் பங்கிட்டுக் காட்டும் வழி மட்டுமே. பொருளின் உண்மையான மதிப்பைச் சொல்லும் வேலை அதற்குக் கிடையாது. இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சண்டிகரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

30, 40 ஆண்டுகள் உழைத்த பிறகு பிரம்பு அறுந்தது, மூட்டுகள் ஆடின. எஃகு நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் மலிவாக வந்தன. பழையவை மொட்டை மாடிகளிலும் கட்டடங்களின் பின்புறத்திலும் மலைபோல் குவிக்கப்பட்டன. பிறகு அரசு விதிமுறைப்படியே குவியல் குவியலாக ஏலம் விடப்பட்டன. வாங்கியவர்களில் பழைய சாமான் வியாபாரிகள் உண்டு. மரத்துக்காக வாங்கியவர்களும் உண்டு.

1990களின் இறுதியில் பாரிஸில் இருந்து சில பழம்பொருள் வியாபாரிகள் வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நவீன மரச்சாமான்களுக்கு ஐரோப்பாவில் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. ஜான்னரே யார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1920களின் இறுதியில் லெ கொர்புசியே, ஷார்லோட் பெரியாண்ட் ஆகியோருடன் சேர்ந்து எஃகுக் குழாய் நாற்காலிகளை வடிவமைத்தவர் அவர். அவை அன்றைக்கே அருங்காட்சியகப் பொருள்களாகிவிட்டன. அதே மனிதரின் நாற்காலிகள் இங்கே மழையில் நனைந்து கிடந்தன. ஏலத்தில் முறைப்படி பணம் கட்டி, ரசீது வாங்கி, கப்பலில் ஏற்றினார்கள்.

புதுப்பிக்கும் வேலை

வெளிநாட்டுப் பட்டறைகளில் நடந்ததைப் புரிந்துகொள்ள, இப்படிப்பட்ட நாற்காலியைப் புதுப்பிக்கும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் நாற்காலியைப் பிரித்து, ஆடும் மூட்டுகளில் பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டுவார்கள். உளுத்த பகுதியை மட்டும் வெட்டி அதே வகைப் பழைய மரத்தைப் பொருத்துவார்கள். அடுத்து மேற்பரப்பு. பல ஆண்டுகளாக ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசிய வார்னிஷையும் பெயிண்டையும் கரைப்பான் தடவி எடுத்து, உப்புத்தாளால் தேய்ப்பார்கள். பிறகு எண்ணெய் அல்லது அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் மெல்லிய படலமாகப் பல முறை பூசுவது. இதற்குப் பெயர் பிரெஞ்சு பாலிஷ். ஆனால் அரக்கு அதிகம் விளைவது இந்தியாவில்தான்!

பிரம்புக்குத் தனிக் கைத்திறன் வேண்டும். பிரம்பு வாரைத் தண்ணீரில் ஊறவைத்து, சட்டத்தில் உள்ள துளைகள் வழியாக முதலில் நெடுக்கிலும் பிறகு குறுக்கிலும், கடைசியில் இரண்டு மூலைவாட்டிலும் இழுத்துப் பின்னுவார்கள். காயும்போது வார் சுருங்கி, பின்னல் மேளத்தோல் போல விறைப்பாகும். மெத்தை நாற்காலி என்றால் பழைய உறையைக் கிழித்து, உள்ளே நொறுங்கிய திணிப்பைக் கொட்டிவிட்டு, புது ஃபோம் வைத்து, புதுத் தோலோ விலையுயர்ந்த துணியோ இழுத்து அறைவார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். எவ்வளவு தூரம் தேய்ப்பது? ஒரு குமாஸ்தாவின் முழங்கை 30 ஆண்டுகள் உராய்ந்து வழவழப்பான கைப்பிடி, மைக்கறை, மாணவர் ஒருவர் பேனாக்கத்தியால் கீறிய பெயர், இவையெல்லாம் அழுக்கா, வரலாறா? அருங்காட்சியகத்தில் பழம்பொருள் காப்பவர்கள் கூடியவரை குறைவாகத் தொட வேண்டும் என்பார்கள். செய்த மாற்றத்தைப் பின்னாளில் நீக்க முடிய வேண்டும் என்பார்கள். சந்தைக்கு அந்தப் பொறுமை கிடையாது. வரவேற்பறையில் வைக்க வாங்குபவருக்கு, நாற்காலி பழையதாகவும் இருக்க வேண்டும், பளபளப்பாகவும் இருக்க வேண்டும். ஆகவே பல நாற்காலிகள் பிரம்பும் உறையும் மெருகும் புதிதாகி, மரச்சட்டம் மட்டும் பழையதாக நின்றன.

ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள். பின்பக்கத்துப் பெயிண்ட் எழுத்துகள்! இது உண்மையிலேயே சண்டிகர் அலுவலகத்தில் இருந்து வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஏலப் பட்டியல்களில் அந்த எழுத்துகளைப் பற்றிய குறிப்பும் இடம்பெறும். திருடு போகக் கூடாது என்று எழுதிய எண், விலையை ஏற்றும் முத்திரையானது. அதனாலேயே போலி நாற்காலிகளில் போலி எண்ணும் எழுதப்படலாயிற்று.

சட்டம் எங்கே போனது?

தடுக்கச் சட்டம் இல்லையா என்ற கேள்வி எழும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, பொதுவாக 100 ஆண்டுகள் ஆன பொருளுக்குத்தான் தொல்பொருள் என்ற பாதுகாப்பு உண்டு. 1950களில் செய்த நாற்காலிக்கு அது பொருந்தாது. அரசே ஏலம் விட்டது, ரசீதும் இருக்கிறது. 2011இல் வெளிநாட்டு ஏலங்களை நிறுத்த இந்தியத் தரப்பு முயன்றபோது இந்த ரசீதுகள்தான் குறுக்கே நின்றன. அதே ஆண்டில் மத்திய உள்துறை அமைச்சகம், சண்டிகரின் பாரம்பரிய மரச்சாமான்களை இனி விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. 12,793 பொருள்கள் பாரம்பரியச் சொத்தாகப் பட்டியலிடப்பட்டன. 2016இல் லெ கொர்புசியேவின் 17 படைப்புகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியபோது, சண்டிகரின் கேபிடல் வளாகமும் அதில் இடம்பெற்றது. கட்டடம் உலகச் சொத்தானது. அதற்கென்றே செய்த நாற்காலிகளில் பல அதற்கு முன்பே உலகம் முழுக்கச் சிதறியிருந்தன.

பின்னோக்கி ஓடும் படம்

இந்தப் பயணத்தை அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல் 2013இல் 'ப்ராவனன்ஸ்' என்ற படமாக எடுத்தார். படம் பின்னோக்கி நகரும். பணக்கார வீடுகளில் நாற்காலிகள் அழகாக நிற்பதில் தொடங்கி ஏலக்கூடம், புதுப்பிக்கும் பட்டறை, கப்பல் என்று போய், கடைசியில் சண்டிகர் அலுவலகங்களில் வந்து நிற்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், படத்தையே அவர் அதே ஆண்டு லண்டனில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் விற்றார். நாற்காலியின் கதையும் நாற்காலியைப் போலவே சந்தைச் சரக்காகும் என்று காட்டிவிட்டார்.

யார் குற்றம்?

வெளிநாட்டு வியாபாரிகள் கொள்ளையடித்தார்கள் என்று சொல்வது எளிது. அவர்கள் வாங்காவிட்டால் பல நாற்காலிகள் விறகாகியிருக்கும் என்பதும் உண்மை. பழுது பார்த்தது அவர்கள், ஆவணப்படுத்தியதும் பெருமளவு அவர்கள். அதற்காக அவர்களைக் காவலர்கள் என்று கொண்டாடவும் முடியாது. குறைந்த விலைக்கு வாங்கிய ஊருக்கு அந்த லாபத்தில் ஒரு பங்கும் திரும்பவில்லை.

உண்மையில் நடந்தது ஒரு கணக்குப் பிழை. பதிவேட்டில் எண் இருந்தது, தேய்மானம் இருந்தது, ஏலத் தொகை இருந்தது. செய்தவரின் பெயருக்கும் வடிவத்தின் அருமைக்கும் அதில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாததை எந்தக் குமாஸ்தாவும் எழுத மாட்டார். சண்டிகரில் அறுந்த பிரம்பைப் பின்னுவதற்கு ஆன செலவு மிகச் சிறியதாகவே இருந்திருக்கும். ஆனால் கண்டம் செய்ய ஒரு கையெழுத்துப் போதும், பழுது பார்க்கப் பல கையெழுத்துகள் வேண்டும்.

ஜான்னரே வாழ்ந்த, செக்டர் 5இல் உள்ள வீடு 2017 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. 2019இல் இத்தாலியின் கசினா நிறுவனம் அவர் நினைவாக அதே வடிவங்களைப் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் பழைய கல்லூரிகளில், நூலகங்களில், தாலுகா அலுவலகங்களில் பிரம்பு அறுந்த நாற்காலிகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றை வரைந்தவர் பெயர் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம், பாரிஸில் இருந்து யாரும் தேடி வராமலும் போகலாம். ஆனாலும் அடுத்த கண்டப் பட்டியலில் கையெழுத்து விழுவதற்கு முன், ஒரு பிரம்பு பின்னுபவரையும் ஒரு தச்சரையும் கூப்பிட்டுக் காட்டிவிடலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு புதுப் பிளாஸ்டிக் நாற்காலியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடியதுதான்.