இட்டுக்கட்டப்பட்ட நபிமொழிகள்: சிங்கப்பூரில் பரவிய வரலாறு

நபிகள் நாயகம் (ஸல்) சொல்லாத ஒன்றை அவர்கள் சொன்னதாக ஏற்றிச் சொல்லும் செய்தியே இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ். ஹதீஸ் கலையில் இதற்கு ‘மவ்ளூஃ’ என்று பெயர். இதன் வரலாறு கைபேசிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. 8ஆம் நூற்றாண்டில் மெர்வ் நகரத்து நூஹ் இப்னு அபீ மர்யம், மக்களைக் குர்ஆனின் பக்கம் திருப்புவதற்காகவே அத்தியாயங்களின் சிறப்புப் பற்றி ஹதீஸ்களைப் புனைந்ததாக ஒப்புக்கொண்டார் என்று நூல்கள் பதிவு செய்கின்றன. எண்ணம் நல்லது என்பதற்காக அறிஞர்கள் அவற்றை ஏற்கவில்லை. யார் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையே அவர்களுக்கு உரைகல். பாக்தாதின் இப்னுல் ஜவ்ஸி (இறப்பு 1201) பொய்ச் செய்திகளுக்கென்றே தனி நூல் தொகுத்தார்.

தென்கிழக்காசியாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நபியின் பெயரால் ஒரு மடல் சுற்றியது. மதீனாவில் நபியின் அடக்கத்தலத்தைக் காத்த ஷேக் அஹ்மது என்பவரின் கனவில் நபி தோன்றி எச்சரித்தார் என்பது அதன் சாரம். டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே 1884இல் இதைப் பற்றி எழுதினார். கைப்படி, அச்சு, நகல் எனத் தாள் மாறியதே தவிர, படியெடுத்தால் பரக்கத், அலட்சியம் செய்தால் கேடு என்ற மிரட்டல் மாறவில்லை.

வாட்ஸ்அப் காலத்துக்குத் தெளிவான சான்று 2020 நோன்பு மாதம். ரமலான் 15 வெள்ளிக்கிழமையாக அமைந்தால் வானிலிருந்து பேரொலி எழும் என்ற செய்தி மலேசியா, இந்தோனேசியா உட்படப் பல நாடுகளில் பரவியது. சிங்கப்பூரில் அந்த நாள் மே 8. கொவிட்-19 கிருமிப்பரவல் முறியடிப்புக் காலம் அது. சாங்கிச் சாலைக் காசிம் பள்ளிவாசல் முதல் டன்லப் ஸ்திரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் வரை எல்லாம் மூடியிருந்தன. தொழுகை முடிந்து இமாமிடம் கேட்டுத் தெளிய வழியில்லை. அச்செய்தி நுஐம் இப்னு ஹம்மாதின் ‘கிதாபுல் ஃபிதன்’ நூலில் இருப்பது உண்மைதான். நம்பிக்கைக்கு அதுவே காரணமாயிற்று. ஆனால் அதன் அறிவிப்பாளர் வரிசை பழுதானது. இத்தகைய செய்தியை இப்னுல் ஜவ்ஸி பொய்களின் வரிசையில் சேர்த்து எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகிறது. ஃபார்வர்டில் நூலின் பெயர் வருகிறது. அறிஞர்கள் அதற்கிட்ட தரம் வருவதில்லை. கேடு முழுவதும் அந்த விடுபாட்டில்தான் இருக்கிறது.

சமய ஆசிரியர்களுக்காக முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் நடத்தும் அங்கீகாரத் திட்டம் 2005இல் தொடங்கி, 2017 ஜனவரியில் கட்டாயமானது. வகுப்பெடுப்பவரை அது கட்டுப்படுத்தும். எழுதியவர் பெயரே இல்லாத செய்தியை எட்டாது. ஆனால் தெளிவு பெற வேறு வழிகள் உண்டு. முயிஸ் தன் வெள்ளிக்கிழமைக் குத்பா உரைகளைத் தமிழிலும் வெளியிடுகிறது. புகாரி தொகுப்பைச் சென்னை ரஹ்மத் அறக்கட்டளை எண்ணிட்டுத் தமிழில் பதிப்பித்திருப்பதால், ‘புகாரி’ என்று எண்ணோடு வரும் ஃபார்வர்டை வாசகர் தாமே நூலைத் திறந்து சரிபார்க்க முடிகிறது.