வெப்சாக்கெட் கிளையன்ட் ஏன் முகமூடி போடுகிறது?

பிரவுசருக்குள்ளே வெப்சாக்கெட் கிளையன்ட் எழுதுவது ரொம்ப எளிது. ஜாவாஸ்கிரிப்டில் முகவரியைக் கொடுத்து ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கணும். அனுப்ப ஒரு ஃபங்ஷன், வர்ற செய்தியை வாங்க இன்னொண்ணு. பத்து வரியில் முடிஞ்சிடும். அதே கிளையன்ட்டை லைப்ரரி எதுவும் இல்லாம, வெறும் டிசிபி சாக்கெட்டை வைத்து எழுதிப் பாருங்க. ஓர் இடத்தில் கை நின்றுவிடும். கிளையன்ட் அனுப்புகிற ஒவ்வொரு செய்தியையும் 4 பைட் சாவி ஒன்றால் உருமாற்றித்தான் அனுப்பணும் என்கிறது விதி. ரகசியம் காக்கத்தான் போல என்று நினைத்தால், அந்தச் சாவியையும் செய்திக்கு முன்னாலேயே வைத்து அனுப்பச் சொல்கிறது. பூட்டு மேலேயே சாவியைத் தொங்கவிடுற மாதிரி. அப்புறம் பூட்டு எதுக்கு?

பதில் 2010 டிசம்பரில் இருக்கு. அதுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து பார்க்கணும்.

ஹெச்டிடிபி கேள்வி-பதில் முறையில் பிறந்தது. பிரவுசர் கேட்கும், சர்வர் சொல்லும். கேட்காம சர்வர் வாயைத் திறக்காது. பக்கம் படிக்க இது போதும், அரட்டைக்குப் போதாது. 1999 மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-உடன் வந்த எக்ஸ்எம்எல் ஹெச்டிடிபி ரெக்வெஸ்ட், பக்கத்தை மறுபடி ஏற்றாமலே சர்வரிடம் கேட்க வழி செய்தது. ஆனாலும் கேட்பது பிரவுசர்தான். அதனால் "ஏதாவது வந்திருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, அல்லது கேட்டுவிட்டு பதில் வரும்வரை இணைப்பைப் பிடித்து வைத்திருப்பது என்று தந்திரங்கள் வளர்ந்தன. இவற்றுக்கு 2006-இல் அலெக்ஸ் ரஸ்ஸல் 'காமெட்' என்று பெயர் வைத்தார்.

இந்தச் சுற்றுவழி வேண்டாம், இரண்டு பக்கமும் எப்போ வேணும்னாலும் பேசுற ஒரே இணைப்பு வேணும் என்ற பேச்சு எச்டிஎம்எல்5 வரைவில் 'டிசிபி கனெக்‌ஷன்' என்ற பெயரில் தொடங்கியது. 2008-இல் இயன் ஹிக்ஸன், மைக்கேல் கார்ட்டர் ஆகியோரின் விவாதங்களில் அது வெப்சாக்கெட் ஆனது. 2010 ஜனவரியில் குரோம் 4 அதைப் பயனர்களிடம் கொண்டுவந்தது. முதலில் சாதாரண ஹெச்டிடிபி கேள்வி போல ஒரு கைகுலுக்கல். சர்வர் ஒத்துக்கொண்டால், அதே இணைப்பு வெப்சாக்கெட்டாக மாறிவிடும். நல்ல யோசனைதான். ஆனா நடுவில் ஒருத்தர் இருக்கிறார்.

பல அலுவலகங்களிலும் இணைய நிறுவனங்களிலும், பயனருக்குத் தெரியாமலே ப்ராக்ஸி ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கும். அடிக்கடி கேட்கப்படுவதைச் சேமித்து வைத்து, அடுத்தவர் கேட்கும்போது தானே எடுத்துக் கொடுக்கும். ஆடம் பார்த், எரிக் ரெஸ்கோர்லா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010-இல் காட்டியது இதுதான். சில ப்ராக்ஸிகளுக்கு இந்தக் கைகுலுக்கல் புரிவதில்லை. ஒரு கேள்வி, ஒரு பதில், முடிஞ்சுது என்று எடுத்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகு வரும் பைட்டுகள் அவற்றின் கண்ணுக்கு அடுத்த ஹெச்டிடிபி கேள்வி. தீயவன் ஒருவன் தன் பக்கத்துக்கு வந்தவரின் பிரவுசரிலிருந்து தன் சர்வருக்கே இணைப்பைத் திறந்து, வேறொரு தளத்தின் ஸ்கிரிப்டைக் கேட்பது போன்ற செய்தியை அனுப்புகிறான். அவன் சர்வரே நஞ்சு கலந்த ஸ்கிரிப்டைப் பதிலாகத் தருகிறது. ப்ராக்ஸி அதை அந்தத் தளத்தின் பெயரில் சேமித்துக்கொள்கிறது. அதன்பின் அந்த ப்ராக்ஸியின் பின்னால் இருப்பவர்கள் அந்தத் தளத்துக்குப் போனால் நஞ்சுதான் கிடைக்கும். வெப்சாக்கெட் பற்றிக் கேள்வியே படாதவர்கள் மாட்டுவார்கள்.

குறை வெப்சாக்கெட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. ஜாவா, ஃபிளாஷ் சாக்கெட்டுகளிலும் இது நடந்தது. ஆனாலும் புதுசா ஒரு கதவைத் திறக்கக் கூடாது என்று ஃபயர்பாக்ஸ் 4-இலும் ஓபரா 11-இலும் 2010 டிசம்பரில் வெப்சாக்கெட்டை அணைத்து வைத்தார்கள். 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 வெளியானபோது தீர்வும் அதில் இருந்தது: முகமூடி. பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் எதை அனுப்பச் சொன்னாலும், பிரவுசர் தானே தேர்ந்தெடுத்த, யூகிக்க முடியாத சாவியால் அதை மாற்றிவிடும். கம்பியில் என்ன பைட்டுகள் போகும் என்பது தீயவன் கையில் இல்லை. ஹெச்டிடிபி கேள்வி போல வேஷம் போட முடியாது. சாவி திறந்தே கிடந்தாலும் பரவாயில்லை. அது முன்கூட்டியே தெரியாமல் இருந்தால் போதும்.

கணக்கு எளிது. 'வணக்கம்' என்பது யூடிஎஃப்-8-இல் 21 பைட். கிளையன்ட் அனுப்பும்போது முதல் பைட் 129: இது முழுச் செய்தி, எழுத்து வகை. அடுத்தது 149: முகமூடி உண்டு என்பதற்கு 128, நீளம் 21. பிறகு 4 பைட் சாவி, அப்புறம் செய்தி. மொத்தம் 27 பைட். செய்தியின் முதல் பைட் 224, சாவியின் முதல் பைட் 55 என்றால், எக்ஸ்ஓஆர் செய்தால் 215. சர்வர் மறுபடி 55-ஆல் செய்தால் 224 திரும்பி வரும். அதே வணக்கம் சர்வரிலிருந்து வரும்போது 129, 21, செய்தி. மொத்தம் 23 பைட்தான். சர்வருக்கு முகமூடி கிடையாது, ஏன்னா ப்ராக்ஸியை ஏமாற்றப் போலிக் கேள்வி போக வேண்டியது கிளையன்ட் பக்கத்திலிருந்துதான்.

முகமூடி இல்லாமல் வந்தால் சர்வர் இணைப்பை முறிக்கணும் என்பது விதி. ஆனால் சாவியாக நாலு சுழியத்தைப் போட்டால் செய்தி மாறாமலே போகும். பெரும்பாலும் சர்வரும் வாங்கிக்கொள்ளும். சோதனையில் எல்லாம் சரியா ஓடும். ஆனா அப்போது அது பெயருக்குத்தான் முகமூடி. உங்க கிளையன்ட்டில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதுசா, இயங்குதளத்தின் பாதுகாப்பான ரேண்டம் மூலத்திலிருந்து 4 பைட் எடுங்க. அந்த ஒரு வரி உங்க செய்திக்காக எழுதப்படுவது இல்லை, வழியில் இருக்கிற முகம் தெரியாத மத்தவங்களுக்காக எழுதப்படுவது.