எழுத்தில் பாதி, நாவில் முழுமை: சமயச் சுருக்கக் குறிகள் குறித்து

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் சாலையில் உள்ள மங்கலம்பேட்டை, இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் பேரூர். இத்தகைய ஊர்களின் திருமண அழைப்பிதழ்களில் வாசகம் தொடங்குமுன்பே ஒரு குறி வந்துவிடும். சிலவற்றில் ‘உ’, அதனடியில் ‘சிவமயம்’, சிலவற்றில் 786. முஸ்லிம் பத்திரிகையில் நபிகளாரின் பெயர் வந்தால் அடைப்புக்குறிக்குள் (ஸல்) என்றிருக்கும். இவையெல்லாம் இடமும் நேரமும் மிச்சப்படுத்தப் பிறந்த சுருக்கங்கள் என்பது பொதுவான விளக்கம். அந்த விளக்கம் இவற்றில் பாதிக்குத்தான் பொருந்தும். ஒரு குறியைக் கண்டதும் வாசிப்பவர் நாவு என்ன செய்கிறது என்பதைக் கொண்டே அதன் இயல்பைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் (ஸல்). இது ‘ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்’ என்பதன் தலைப்பகுதி. ஜும்ஆ மேடையில் நூலைப் பார்த்து வாசிப்பவர் யாரும் ‘ஸல்’ என்று மட்டும் சொல்லி நகர்வதில்லை; முழுவதையும் ஓதிவிட்டே அடுத்த சொல்லுக்குப் போவார். நபித்தோழர் பெயர்களோடு வரும் (ரலி) இன்னும் நுட்பமானது. உமர் (ரலி) என்ற இடத்தில் ‘ரலியல்லாஹு அன்ஹு’. ஆயிஷா (ரலி) என்ற இடத்தில் ‘அன்ஹா’. தந்தையும் மகனும் சேர்ந்து வந்தால் ‘அன்ஹுமா’. பாலும் எண்ணும் குறியில் இல்லை, வாசிப்பவரின் பயிற்சியில் இருக்கின்றன. ஆகவே இது வாசகனுக்கு இடும் ஏவல்: இங்கே நின்று, உரியதைச் சொல்.

இந்த இரண்டெழுத்துக்குள் ஒரு வட்டார வேறுபாடும் ஒளிந்திருக்கிறது. ‘ளாத்’ என்ற அரபு எழுத்துக்குத் தமிழில் நேர் ஒலி கிடையாது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ‘ரலி’, ‘ரமலான்’. இலங்கையில் ‘ரழி’, ‘ரமழான்’. சொல்லின் பெரும்பகுதியை விட்டுவிட்டு, சர்ச்சைக்குரிய அந்த ஓர் எழுத்தைச் சுருக்கம் கவனமாகக் காப்பாற்றி வைத்திருப்பது வேடிக்கைதான்.

சுருக்குவதை எல்லோரும் ஏற்றதில்லை. 1245இல் மறைந்த ஹதீஸ் கலை அறிஞர் இப்னு அஸ்ஸலாஹ், நபி மீதான ஸலவாத் எனும் இந்த வாழ்த்தை ஓரிரு எழுத்துகளாகக் குறைத்தெழுதுவதைக் கண்டித்தார். கையெழுத்துச் சுவடிக் காலத்திலேயே இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது. ஆயினும் எழுத்தில் குறைந்தது நாவில் நிறைந்துவிடும் என்ற நம்பிக்கையில் வழக்கம் நிலைத்தது.

786இன் கதை வேறு. அது ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ என்ற தொடக்க வாசகத்துக்கு ஈடாக எழுதும் எண். அரபு எழுத்துகளுக்கு எண் மதிப்பு தரும் அப்ஜத் முறையில், ‘பிஸ்மி’யின் பா 2, ஸீன் 60, மீம் 40, ஆக 102. அல்லாஹ் 66, அர்ரஹ்மான் 329, அர்ரஹீம் 289. கூட்டினால் 786. கணக்கு சரி. ஆனால் கூட்டுத்தொகையிலிருந்து சொற்களுக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. ‘ஹரே கிருஷ்ணா’ என்பதை அரபு எழுத்தில் எழுதிக் கூட்டினாலும் இதே தொகை வருவதாகக் காட்டுவோர் உண்டு. ஒரு வகை எழுத்துக்கூட்டலில் அதுவும் சரியாகவே வருகிறது. இறைவன் பெயர் தாங்கிய தாள் குப்பையில் விழக்கூடாது, காலில் மிதிபடக்கூடாது என்ற அச்சமே இந்த எண்ணுக்குச் சொல்லப்படும் காரணம். அதை இழிவாகக் கருத வேண்டியதில்லை. அழைப்பிதழ் கடைசியில் எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஓரிறைக் கொள்கையை வலியுறுத்தும் தவ்ஹீத் இயக்கத்தினர் 786ஐக் கடுமையாக மறுத்தனர். சுலைமான் நபி ஸபா நாட்டு அரசிக்கு அனுப்பிய கடிதம் முழு பிஸ்மில்லாஹ்வோடு தொடங்குவதாகக் குர்ஆனின் 27ஆம் அத்தியாயம் கூறுவதை அவர்கள் சான்று காட்டுகிறார்கள். அதுவும் அப்போது சூரியனை வணங்கிவந்தவளுக்கு எழுதிய கடிதம். ஆனால் அவர்களுடைய வெளியீடுகளிலேயே (ஸல்) பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இதை முரண் என்று சிலர் சுட்டுவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. (ஸல்) சொல்லைச் சொல்ல வைக்கிறது, 786 சொல்லின் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. பெயரிடாமலே இந்த வேறுபாட்டை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

‘உ’ எனும் பிள்ளையார் சுழியை எங்கே வைப்பது? உமையின் முதலெழுத்து, ஓங்காரத்தின் நடு எழுத்து, எழுத்தாணியின் கூர்மை பார்க்கும் கீற்று என்று விளக்கங்கள் பல. இவ்வளவு விளக்கங்கள் இருப்பதே ஐயத்தைக் கிளப்புகிறது. இந்தியக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் தொடக்கத்தில் ‘சித்தம்’ எனப்படும் சுழிக்குறி வருவதுண்டு. வங்காளத்தில் அதன் வழிவந்த ‘ஆஞ்ஜி’யைக் கணேசரோடு இணைத்துப் பேசுகிறார்கள். நம் சுழியும் அந்த மரபின் கிளையாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. அப்படியானால் அது எந்தச் சொல்லின் சுருக்கமும் அல்ல. குறி முதலில் வந்தது. அதற்கான சொற்களைப் பிறகு தேடினார்கள்.

மங்கலம்பேட்டை உள்ள அதே மாவட்டத்துச் சிதம்பரத்தில் எழுத்துக்கும் பொருளுக்கும் உள்ள உறவு தலைகீழாகிறது. தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார், 14ஆம் நூற்றாண்டில், திருவருட்பயனின் ஓர் அதிகாரத்தை ஐந்தெழுத்துக்கே ஒதுக்கினார். சித்தாந்த மரபில் சி சிவன், வ அருள், ய உயிர், ந திரோதம், ம மலம். இங்கே நீண்ட தொடர் எழுத்தாகக் குறுகவில்லை. ஓதும் மந்திரத்தின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு தத்துவமாக விரிகிறது. அவை நிற்கும் வரிசையே உயிரின் நிலையைச் சொல்லிவிடும்: ‘நமசிவாய’ என்றால் மலச்சார்பு முன்னிற்கிறது, ‘சிவாயநம’ என்றால் அருள் முன்னிற்கிறது. எண்ணாக மாற்றினால் இந்த வரிசை முழுதும் அழிந்துவிடும், ஏனெனில் எப்படி மாற்றி அடுக்கினாலும் கூட்டுத்தொகை ஒன்றே.

மீண்டும் அழைப்பிதழுக்கு வருவோம். வடலூர்ச் சன்மார்க்கிகள் தங்கள் அழைப்புகளில் ‘அருட்பெருஞ்ஜோதி’ என்று முழுதாகவே அச்சிடுகிறார்கள். தாள் குப்பைக்குப் போகும் என்ற கவலை அவர்களைத் தடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்புவோருக்கு இன்று அந்தக் கவலையே கிடையாது. தோன்றிய காரணம் இப்படி நீங்கிய பின்னும் 786 மறையவில்லை. லாரி முகப்பிலும் கடைப் பலகையிலும் நிற்கிறது. வரிசை எண்ணில் 786 உள்ள ரூபாய் நோட்டைச் செலவழிக்காமல் வைத்திருப்போர் எல்லாச் சமயத்திலும் உண்டு. அந்த நோட்டைப் பார்த்து பிஸ்மில்லாஹ் சொல்பவர்கள் அவர்களில் வெகு சிலரே.