சிட்னி ரக்பி லீக்கில் திறனை அளந்த வரலாறு

வேலையை விட்டு ஆட வந்த தொழிலாளர்களுக்கு இழந்த கூலியை ஈடுகட்டுவதா என்ற பிணக்கில், 1895இல் வட இங்கிலாந்துக் கழகங்கள் பழைய ரக்பி சங்கத்திலிருந்து பிரிந்தன. அவை வளர்த்த ஆட்டமே பின்னாளில் ரக்பி லீக் எனப் பெயர் பெற்றது. அணிக்குப் பதின்மூவர் ஆடும் இவ்வாட்டம் 1908இல் சிட்னியில் கழகப் போட்டியாக வேரூன்றியபோது கூட்டத்தைத் திடலுக்கு இழுத்தவர் டாலி மெசெஞ்சர். நெடுந்தொலைவிலிருந்து பந்தை உதைத்துக் கோல் போடுவதில் அவர் ஈட்டிய புகழ், சிறந்த ஆட்டக்காரர் என்றால் கண்ணைப் பறிப்பவர் என்ற எண்ணத்தை அந்நகரில் ஊன்றியது எனலாம்.

ஆட்டத்தின் விதியோ வேறொரு திறனைக் கேட்டது. பந்துடன் ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவதை டேக்கிள் என்பர். வீழ்ந்தவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ள, அவருடைய அணியே ஆட்டத்தைத் தொடரும். 1967க்கு முன் சிட்னியில் இதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லாததால், பந்தைத் தவறவிடாத அணி அதை நெடுநேரம் தன்வசம் வைத்திருக்க முடிந்தது. துணிச்சலாக வீசி நழுவவிட்ட ஒரு பந்தோ பெரும் இழப்பாக முடிந்தது. செயின்ட் ஜார்ஜ் கழகம் 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 11 முறை பட்டம் வென்றது இந்த விதியின் கீழ்தான். பின்னர் வரம்பு நான்கு டேக்கிள் என்றும், 1971இல் ஆறு என்றும் ஆனபின், வரம்பு முடிந்ததும் எப்படியும் கைமாறப்போகும் பந்தைக் கொண்டு துணிந்து பார்ப்பதில் இழப்பு குறைந்தது.

1968இல் தொடங்கிய ராத்மன்ஸ் பதக்கத்துக்கு, ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறந்த மூவருக்கு நடுவர்கள் 3, 2, 1 எனப் புள்ளி அளித்தனர்; மெசெஞ்சரின் பெயர் தாங்கிய டாலி எம் பதக்கமும் இதே 3, 2, 1 புள்ளி முறையையே பின்பற்றியது. பருவம் முழுவதும் கூட்டிப் பார்ப்பதால் இது சீரான ஆட்டத்தை அளப்பதுபோல் தோன்றினும், வாரந்தோறும் நான்காம் சிறந்தவராக ஆடியவர் ஒரு புள்ளியும் பெறமாட்டார் என்பதை நோக்கினால், கூட்டப்படுபவை ஒளிவீசிய பொழுதுகளே என்பது விளங்கும்.

1981இல் ரக்பி லீக் வீக் இதழ், இம்மார்ட்டல்ஸ் என்ற அழியாப் புகழோர் வரிசைக்கு நால்வரைத் தேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையோரையே கருதியதால் மெசெஞ்சருக்கு அதில் இடமில்லை. செயின்ட் ஜார்ஜின் வேகமிக்க சென்டர், அதாவது நடுவரிசைத் தாக்குநர், ரெக் காஸ்னியர் இடம்பெற்றார்; முன்வரிசையில் ஆடிய அவருடைய கழகத்துத் தோழர் ஜானி ரேப்பரும் இடம்பெற்றார் என்பதால், சீரான உழைப்பைச் சுமக்கும் முன்வரிசை ஆட்டக்காரர்கள் அடியோடு ஒதுக்கப்பட்டனர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அதே அணியில் பத்துப் பட்டங்கள் வென்ற முன்வரிசை ஆட்டக்காரர் நார்ம் ப்ரோவன், மெசெஞ்சருடன் சேர்ந்து 2018இல்தான் அவ்வரிசையை அடைந்தார். 1963 இறுதியாட்டத்தின் முடிவில் சேறு படிந்த உடலுடன் அவரும் எதிரணித் தலைவர் ஆர்தர் சம்மன்ஸும் தழுவி நின்ற காட்சி, 1982 முதலே வெற்றிக் கோப்பையின் உருவமாக இருந்துவந்தது.