திசையும் பெயரும்

ஒரு மொழியின் பெயர் அதைப் பேசுகிறவர்களிடமிருந்தே வந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். சிராய்கி விஷயத்தில் அப்படியில்லை. மத்திய பாகிஸ்தானின் இந்த மொழிக்கு முல்தானில் முல்தானி என்றும், பஹாவல்பூர் சமஸ்தானத்தில் ரியாசத்தி என்றும், தேரா காஸி கான், தேரா இஸ்மாயில் கான் பக்கம் தேராவாலி என்றும் பெயர். ஊருக்கு ஊர் பெயர் இருந்தது. பொதுப் பெயர் இல்லை. 1881ல் ஓப்ரையனின் சொற்கோவை இதை முல்தானி என்றது. 1900ல் ஜூக்ஸின் அகராதி ஜட்கி என்றது.

பொதுப் பெயரைப் பரவலாக்கியவர் கிரியர்ஸன். 1919ல் வந்த இந்திய மொழி சர்வேயின் எட்டாம் தொகுதியில், வடக்கே பேசப்படும் ஹிந்த்கோ முதலியவற்றையும் சேர்த்து 'லஹந்தா' என்றார். பஞ்சாபியில் இதற்கு மேற்கு என்று பொருள். லாகூரில் நிற்பவனுக்கு முல்தான் மேற்கு. முல்தானில் இருப்பவனுக்குத் தன் வீடு எப்படி மேற்காகும்? பேசுகிற யாரும் தம் மொழியை லஹந்தா என்று சொன்னதில்லை.

ஆனால் பஞ்சாபியின் பார்வையிலான பெயரை எடுத்துக்கொண்ட அதே கிரியர்ஸன்தான் இதைப் பஞ்சாபியிலிருந்து பிரித்து, சிந்தியோடு வடமேற்குப் பிரிவில் வைத்தார். அவருடைய அகவட்டம், புறவட்டம் என்ற கொள்கையை 1926ல் சுநீதி குமார் சட்டர்ஜி மறுத்தார். கொள்கை போனாலும் ஒலிகள் இருக்கின்றன. மூச்சை உள்வாங்கிச் சொல்லும் நான்கு மெய்கள் சிந்தியில் உண்டு, இங்கும் உண்டு, பஞ்சாபியில் இல்லை. வர்க்கத்தின் நாலாம் எழுத்துக்கள் பஞ்சாபியில் தொனியாகக் கரைந்துவிட்டன, இங்கே நிற்கின்றன. 'செய்வான்' என்பது அங்கே கரேகா, இங்கே கரேஸி. என்றாலும் கிழக்கே போகப்போக ஒன்று மற்றொன்றாக மாறுகிறதே தவிர, இங்கே முடிந்தது அங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க இடமில்லை. எனவே கிளைமொழியா தனிமொழியா என்ற வழக்கை ஒலிகளை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.

1960களில் முல்தான் வட்டார எழுத்தாளர்கள் எல்லா ஊர்ப் பெயர்களையும் ஒதுக்கி, சிராய்கி என்பதை ஏற்றார்கள். இதுவும் திசைச் சொல்தான். சிந்தியில் 'ஸிரோ' என்றால் மேற்பகுதி. சிந்துக்காரன் வடக்கே பார்த்துச் சொன்னது. வட சிந்தின் கிளைமொழிக்கும் இதே பெயர் இருப்பதால் குழப்பம் வேறு. ஆயினும் இது ஒட்டிக்கொண்டது. கிறிஸ்டோபர் ஷாக்கிளின் 1976 இலக்கணம் இந்தப் பெயரிலேயே வந்தது. 1981 சென்ஸஸ் முதல்முறையாகத் தனியே எண்ணியபோது பாகிஸ்தானில் பத்தில் ஒரு பங்கு வீடுகள் கணக்கில் வந்தன. 2017ல் மக்களில் 12 சதவீதம்.

இரண்டுமே வெளியாள் சொன்ன திசைகள். ஒன்று நூலகத்தில் தங்கிவிட்டது, மற்றொன்றில் ஒரு ஜனம் தன்னை எண்ணிக்கொண்டது. வித்தியாசம் சொல்லின் மூலத்தில் இல்லை, அதை எடுத்துக்கொண்ட கையில் இருக்கிறது. அந்தக் கை மொழியியலாளருடையதல்ல, எழுதுகிறவர்களுடையது.