வீட்டில் செய்தது: ஒரு கிண்ணக் கடலுணவு டிப்பும் இரு கடற்கரைகளும்

1950களில் அமெரிக்கப் புறநகர் வீடுகளின் மாலை விருந்துகளில் தவறாது இடம்பெற்ற பண்டங்களுள் ஒன்று கடலுணவு டிப். அதன் செய்முறை மிகச் சுருக்கமானது. பூண்டுப் பல் ஒன்றைக் கீறிக் கிண்ணத்தின் உட்புறத்தில் தேய்க்க வேண்டும். இளகிய கிரீம் சீஸ் 8 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 227 கிராம், அதில் இட்டுக் குழைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு, வூஸ்டர்ஷயர் சாஸ் சில துளிகள், துருவிய வெங்காயம், உப்பு, மிளகு ஆகியவை அடுத்து வரும். இறுதியில் டின்னில் அடைத்த மட்டிச் சதையையோ சிற்றிறாலையோ நீர் வடித்துக் கலக்க வேண்டும். குழைவு இறுகியிருந்தால் வடித்த சாற்றிலேயே ஒரு கரண்டி ஊற்றித் தளர்த்தலாம். இறால் டிப் எனில் மயோனைசும் தக்காளி சாஸும் சேர்ந்து இளஞ்சிவப்பு நிறம் தரும். சிறிது நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுத்து, சுற்றிலும் உருளைக்கிழங்கு சிப்ஸை அடுக்கினால் பண்டம் ஆயத்தம். இதற்கு அடுப்பே மூட்ட வேண்டியதில்லை.

இன்று 'ரெட்ரோ' என்னும் அடைமொழியோடு இப்பண்டம் மீண்டும் வீடுகளில் செய்யப்படுகிறது. பழைய கண்ணாடிக் கிண்ணம், பழைய செய்முறை அட்டை, பாட்டி காலத்து விருந்து என நினைவேக்கமும் அதனோடு பரிமாறப்படுகிறது. அந்த நினைவேக்கத்தின் நடுவில் நிற்கும் சொல் 'வீட்டில் செய்தது' என்பதாகும். பத்து நிமிடங்களில் முடியும் ஒரு வேலையை அச்சொல் முழுவதுமாக வீட்டுக்கு உரியதாக்கிவிடுகிறது. அச்சொல் எவற்றை உள்ளடக்குகிறது, எவற்றை வெளியே நிறுத்துகிறது என்று கேட்டால், அமெரிக்கச் சமையலறை வரலாறாகத் தொடங்குவது இந்தியக் கடற்கரையின் உழைப்பு வரலாறாகவும் விரிகிறது.

முதலில் பெயர். 'டிப்' என்பது தோய்த்தலைக் குறிக்கும் வினை. அது உணவின் பெயராகவும் ஆகியிருக்கிறது. தமிழிலும் இதற்கு இணையான ஆக்கம் உண்டு. 'தொடுகறி' என்பது தொடு என்னும் வினையடியிலிருந்து அமைந்த வினைத்தொகை. 'தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது?' என்று கேட்கும்போது வினையெச்சமே கறியின் இடத்தில் நிற்கிறது. எனினும் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ் உணவு முறையில் சோறோ இட்டிலியோதான் முதன்மை, தொட்டுக்கொள்வது துணை. அமெரிக்க டிப்பில் இம்முறை தலைகீழாகிறது. கிண்ணத்தில் இருப்பதே பண்டம். சிப்ஸ் அதை அள்ளும் கருவி. பண்டத்துக்குப் பெயர் தந்த செயலோ உண்பவருடையது. சமைப்பவரின் செயல் பெயரில் இல்லை.

இது சமூக வரலாற்றோடும் பொருந்துகிறது. போருக்கு முந்தைய மேல்தட்டு விருந்துகளில் கானப்பே எனப்படும் சிறு ரொட்டித் துண்டுகள் பரிமாறப்பட்டன. ஒவ்வொரு துண்டின் மீதும் தனித்தனியே சீஸ் தடவி, மீனோ இறாலோ வைத்து, தட்டில் ஏந்தி வருவதற்கு வேலையாள் தேவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. 1944ஆம் ஆண்டின் படைவீரர் நலச் சட்டம் வீட்டுக் கடனை எளிதாக்கியது. 1947இல் நியூயார்க் அருகே தொடங்கிய லெவிட்டவுன் போன்ற குடியிருப்புகள் பெருகின. அங்குக் குடியேறிய நடுத்தரக் குடும்பங்களுக்கு விருந்தளிக்கும் ஆர்வம் இருந்தது. விருந்துக்கு உதவ வேலையாள் இல்லை. டிப் அச்சிக்கலைத் தீர்த்தது. கானப்பேயில் வேலையாள் செய்ததை, அதாவது சீஸைத் துண்டின் மேல் சேர்ப்பதை, டிப்பில் விருந்தினரே தம் கையால் செய்துகொண்டார். தட்டு வேண்டாம்; முட்கரண்டி வேண்டாம்; நின்றபடியே உண்ணலாம்.

வேலையின் மற்றொரு பகுதியைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. கிரீம் சீஸ் 1870களில் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் என்னும் ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்னும் பால்பொருள் தயாரிப்பாளரால் வணிக அளவில் உருவாக்கப்பட்டது. 1880இல் அதற்கு 'ஃபிலடெல்ஃபியா' என்று பெயரிட்டது கூட வணிக உத்தியே. அந்நகரம் பால்பொருட்களின் தரத்துக்குப் பெயர்பெற்றிருந்தது. 1928இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் கிராஃப்ட்டோடு இணைந்தபோது அப்பெயரும் உடன் சென்றது. மட்டிச் சதை, இறால், சாஸ், மயோனைஸ், சிப்ஸ் என எஞ்சியவையும் டின்னிலும் புட்டியிலும் பையிலும் கடைக்கு வந்தன. வெங்காய சூப் பொடியைப் புளித்த கிரீமில் கலக்கும் 'கலிஃபோர்னியா டிப்' 1954 வாக்கில் பரவியதும் இதே போக்கில்தான். அதை முதலில் கலந்தவர் பெயர் வரலாற்றில் இல்லை; பொடியை விற்ற லிப்டன் நிறுவனத்தின் பெயர் நிலைத்தது.

தொலைக்காட்சியின் பங்கு இங்குக் குறிப்பிடத்தக்கது. 1947இல் தொடங்கிய 'கிராஃப்ட் தொலைக்காட்சி நாடக அரங்கு' நிகழ்ச்சியின் இடையே வந்த விளம்பரங்கள் நேரலையில் செய்து காட்டப்பட்டன. அவற்றில் சமைப்பவரின் முகம் தெரியாது. இரண்டு கைகள் மட்டும் சீஸைக் குழைக்கும், கிண்ணத்தை நிரப்பும். பின்னணியில் எட் ஹெர்லிஹி என்னும் அறிவிப்பாளரின் குரல் ஒலிக்கும். 1950களின் தொடக்கத்தில் கிராஃப்ட் நிகழ்ச்சியொன்றில் மட்டி டிப் செய்து காட்டப்பட்டதும், 24 மணி நேரத்துக்குள் நியூயார்க் நகரக் கடைகளில் டின் மட்டி தீர்ந்துபோனது என்றொரு கதை உணவு வரலாற்று நூல்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. நிறுவனம் சொல்லிக்கொண்ட கதை என்பதால் அதை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். ஆனால் முகமற்ற அக்கைகளின் தருக்கம் தெளிவானது. அவை எவருடைய கைகளாகவும் இருக்கலாம். ஆகவே பார்க்கும் ஒவ்வொருவரும் அவற்றைத் தம் கைகளாக எண்ணிக்கொள்ள முடிந்தது. டின்னைத் திறந்து கலப்பது சமையல் என்றும், அது தம் சமையல் என்றும் நம்புவதற்கு அது வழிவகுத்தது. உணவு நிறுவனங்கள் இந்நம்பிக்கையை உருவாக்க எவ்வளவு முயன்றன, இல்லத்தரசிகள் எவ்வளவு தயங்கினார்கள் என்பதை லாரா ஷபீரோ தம் ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

காட்டப்பட்ட கைகள் இவை. காட்டப்படாத கைகள் இறாலின் வரலாற்றில் இருக்கின்றன. இறாலைப் பிடிப்பதைவிட உரிப்பதே நேரம் மிகுந்த வேலை. தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, தேவைப்பட்டால் முதுகின் கறுப்பு நரம்பையும் நீக்க வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் ஜே. எம். லாபேர் என்னும் இளைஞர் 1940களில் இறால் உரிக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். உரிப்புக் கூலி அந்தத் தொழிலை எவ்வளவு அழுத்தியது என்பதற்கு அக்கண்டுபிடிப்பே சான்று. அதே காலத்தில் இறால் உணவுக்கான வேட்கையும் பெருகியது. மெக்சிகோ வளைகுடாவின் பிடிப்பு போதாமல் அமெரிக்கா வெளிநாட்டு இறாலைத் தேடத் தொடங்கியது. அத்தேடல் வந்தடைந்த இடங்களுள் ஒன்று அன்றைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலக் கடற்கரை.

1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்வழி உருவான இந்திய-நார்வேத் திட்டம் கொல்லம் அருகே நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் தொடங்கியது. மீனவரின் பிடிப்பை உயர்த்துதல், மீனை உள்ளூர் மக்களின் ஊட்டத்துக்குப் பயன்படச் செய்தல், குடிநீர், சுகாதாரம் ஆகியவையே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கங்கள். 1953இல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் முதன்முதலாக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. இவ்விரண்டும் தனித்தனியே தொடங்கியவை. ஆனால் பத்தாண்டுகளுக்குள் இரண்டாவது முதலாவதன் திசையைத் தீர்மானித்தது. கரையோர மீனுக்காக வடிவமைத்த இயந்திரப் படகுகள் இழுவலை கட்டிக் கடலடியில் இறாலைத் தேடலாயின. அதுவரை இக்கரையின் இறால் பெரும்பாலும் அவித்து உலர்த்தப்பட்டு பர்மா போன்ற நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பனிக்கட்டி ஆலையும் உறைகிடங்கும் வந்தபின் அதே இறால் டாலர் ஈட்டும் சரக்காயிற்று. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76 என்பதிலிருந்து 7.50 ஆகக் குறைக்கப்பட்டது ஏற்றுமதியாளருக்கு மேலும் ஊக்கம் தந்தது.

இச்சந்தையின் சுவடு மொழியிலும் பதிந்திருக்கிறது. இந்திய ஆங்கிலத்தில் இறாலுக்கு வழக்கமான சொல் 'பிரான்'. ஏற்றுமதி ஆவணங்களிலோ அமெரிக்க வழக்கான 'ஷ்ரிம்ப்' நுழைந்தது. மெட்ரிக் அளவைக்கு 1956இல் சட்டம் இயற்றிய நாட்டில், உரித்த இறாலின் தரம் இன்றும் பவுண்டு கணக்கில் சொல்லப்படுகிறது. 16/20 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 16 முதல் 20 இறால் என்று பொருள். ஓடு நீக்கி நரம்பு நீக்காத இறாலுக்கு 'பி.யு.டி.' என்று பெயர். நீண்டகரையில் மிகுதியாகக் கிடைத்த கரிக்காடி போன்ற சிற்றினங்கள் இவ்வகையில்தான் பெரும்பாலும் ஏற்றுமதியாயின. முழு இறாலாக அழகுபடுத்தி வைக்க இயலாத இச்சிற்றிறால், சாலடு, டிப், கலவை உணவு ஆகியவற்றுக்கு உகந்தது. பிடித்த கரையில் வழங்கிய பெயர் அளவையிலும் சுருக்கெழுத்திலும் கரைந்துபோக, உண்ணும் கரையின் பெயரே பெட்டியின் மேல் எழுதப்பட்டது.

உரிக்கும் வேலை இக்கரையில் இயந்திரத்திடம் போகவில்லை, பெண்களிடம் போயிற்று. படகு கரைசேரும் நேரம் எதுவோ அதுவே வேலை நேரம். பனிக்கட்டியில் கிடந்த இறாலை வெறுங்கையால் உரிக்க வேண்டும். கூலி நாள் கணக்கில் இல்லை. உரித்து நிரப்பிய பேசின் கணக்கில். விரல் நுனித் தோல் அரித்துப்போவது இத்தொழிலின் இயல்பான விளைவாகக் கருதப்பட்டது. லீலா குலாத்தி 1984இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக எழுதிய ஆய்வு, சக்திகுளங்கரைப் பெண்கள் இப்புதிய தொழிலுக்குள் நுழைந்ததைக் குடும்ப வரலாறுகளின் வழியே பதிவுசெய்கிறது. அப்பதிவு வெறும் துன்பக் கதையன்று. இறால் பெண்களின் கையில் காசு தந்தது. சிலர் வணிகராகவும் உயர்ந்தனர். அதே இறால் நிலையற்ற கூலியையும் தந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே அதன் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

கடலும் விலை கொடுத்தது. இழுவலை கடலடியைச் சுரண்டியபோது இறாலோடு மீன்குஞ்சுகளும் அள்ளப்பட்டன. கட்டுமரமும் வள்ளமும் கொண்டு தொழில் செய்தவர்களின் பிடிப்பு பாதிக்கப்பட்டது. 1970களில் தொடங்கிய அவர்களது எதிர்ப்பு போராட்டமாக வளர்ந்தது. அதன் விளைவாகக் கேரளத்தில் 1980இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும், 1988 முதல் மழைக்கால இழுவலைத் தடையும் வந்தன. உள்ளூர் ஊட்டத்துக்கென்று தொடங்கிய திட்டம், உள்ளூர் மீனவருள் இரு தரப்புகளை உருவாக்கி எதிரெதிரே நிறுத்தியதை ஜான் குரியன் போன்ற ஆய்வாளர்கள் விளக்கியிருக்கின்றனர்.

1950களின் ஒரு குறிப்பிட்ட அமெரிக்கக் கிண்ணத்தில் கிடந்த இறால் கொல்லத்திலிருந்து வந்தது என்று எவரும் நிறுவ முடியாது; அது தேவையுமில்லை. நிறுவ வேண்டியது ஓர் அமைப்பின் இருப்பை. உரித்த இறால் ஆண்டு முழுவதும் மலிவாகக் கிடைக்கும் என்னும் உறுதி இல்லாமல், இத்தகைய பண்டம் அன்றாட விருந்துணவாகியிருக்க முடியாது. அவ்வுறுதியைத் தந்தவற்றுள் ஒன்று, வேறொரு கரையில் பேசின் கணக்கில் அளக்கப்பட்ட கூலி.

அவ்வமைப்பு இன்றும் தொடர்கிறது. 2009இல் வனாமி இறால் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்தபின் மையம் கேரளக் கடலிலிருந்து ஆந்திரக் குளங்களுக்கு நகர்ந்தது. அமெரிக்காவுக்கு இறால் அனுப்பும் நாடுகளுள் இந்தியா முதன்மையான இடத்தை அடைந்திருக்கிறது. உரிக்கும் கூடங்களில் பெண்களே மிகுதி. அவர்களுள் பலர் வேற்று மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் அழைத்துவரப்படுபவர்கள். இன்று பெங்களூரிலோ தில்லியிலோ பழைய செய்முறையைத் தேடி எடுத்து இறால் டிப் செய்பவரும் பெரும்பாலும் உரித்து உறையவைத்த பையைத்தான் வாங்குகிறார். பையின் மேல் எண்ணிக்கை உண்டு, எடை உண்டு, காலாவதி நாள் உண்டு. உரித்த கைக்கு அதில் ஒரு கட்டமில்லை.

உணவு வரலாறு பெரும்பாலும் செய்முறையிலிருந்து தொடங்குகிறது. செய்முறையோ 'உரித்த இறால் ஒரு கோப்பை' என்ற நிலையிலிருந்து தொடங்குகிறது. 'உரித்த' என்னும் பெயரெச்சத்துக்கு எழுவாய் கிடையாது. வீட்டில் செய்த பண்டத்தின் வரலாற்றை எழுத முனைபவர் முதலில் நிரப்ப வேண்டியது அந்த எழுவாயின் இடத்தையே.