‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம்: 35 வயதில் மறைந்த கோல் காவலர்

மலேசியக் காற்பந்தின் பொற்காலம் என்று 1970ஆம் ஆண்டுகளைச் சொல்வர். அந்த அணியின் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் ஒரு தமிழர், ஆர். ஆறுமுகம்.

1953இல் பிறந்த ஆறுமுகம், கிள்ளான் வட்டாரத்தைச் சேர்ந்தவர். சிலாங்கூர் மாநிலத்திற்கும் தேசிய அணிக்கும் விளையாடினார். எட்டாத பந்தையும் எட்டிப் பிடிக்கும் நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு வந்தது. நாட்டுக்காக நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் களமிறங்கினார்.

1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலம் வென்றது. 1977, 1979 சீ விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் கிடைத்தது. சோ சின் ஆன், சந்தோக் சிங், மொக்தார் டஹாரி ஆகியோருடன், பினாங்கின் இசா பக்கார், சஹாருடின் அப்துல்லா, நாமாட் அப்துல்லா போன்றோரும் அக்காலத் தேசிய அணியில் இடம்பெற்றவர்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் என எல்லாரும் ஒரே சட்டையில் ஆடிய அணி அது.

1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வீழ்த்தி, மாஸ்கோ ஒலிம்பிக் செல்லும் தகுதியை மலேசியா பெற்றது. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வெற்றி கோலாக்கினார். ஆனால், ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. களத்தில் வென்ற வாய்ப்பு அரசியலால் கைநழுவியது. அதன்பின் இன்றுவரை மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவில்லை.

1988 டிசம்பர் 18ஆம் நாள் கார் விபத்தில் ஆறுமுகம் உயிரிழந்தார். வயது 35தான். மூன்று ஆண்டுகள் கழியும் முன்னரே, 1991 ஜூலையில் மொக்தார் டஹாரியும் நோயால் 37 வயதில் காலமானார்.

2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படம் 1980 அணியின் கதையைத் தழுவியது. அதில் வரும் முத்துகுமார் என்ற கோல் காவலர் பாத்திரத்துக்கு ஆறுமுகமே மூலம். அவர் ஆடியதை நேரில் காணாத தலைமுறை அவரை அறிந்தது அப்படித்தான்.

தோட்டத் திடலிலும் பள்ளித் திடலிலும் வெறுங்காலோடு பந்து உதைக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். கோல் போட்டவரின் பெயர் தானாக நிலைத்துவிடும். கோலைத் தடுத்தவரின் பெயரை நாம்தான் சொல்லி வைக்க வேண்டும்.